ஒரு கிளை, ஒரு சாண், மூன்று நிமிடம்

வாசகர் கேள்வி – பதில்

வசந்த காலத்தில் மனதைக் கையோடு வைத்திருக்க அன்றாடம் என்ன செய்யலாம் என்று கேட்டு வந்த கடிதங்களில், பலருக்கும் பொதுவானவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். தியானப் பயிற்சி தருபவர்களும் தாவரவியல் படித்தவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை. கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பொருளை மாற்றவில்லை.

கேள்வி: கண்ணை மூடி உட்கார்ந்தால் ஒரு நிமிடம்கூட மனம் நிற்பதில்லை. வெளியே மரமெல்லாம் துளிர்க்கிறது. அதைப் பார்க்கப் போனாலும் பாதி வழியில் அலுவலக நினைப்பு வந்துவிடுகிறது. எனக்கெல்லாம் இது சரிப்பட்டு வருமா?

பதில்: வரும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வுக்காக 2,250 பேரிடம் செல்போன் வழியாக, நாளின் வெவ்வேறு நேரங்களில், ‘இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா’ என்று கேட்டார்கள். வந்த பதில்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. உங்கள் மனம் ஓடுவது எல்லோருக்கும் உள்ளதுதான். ஓடாமல் கட்டிப்போடுவது யாராலும் முடியாது. ஓடியது தெரிந்தவுடன் கூட்டிக்கொண்டு வருகிறோமே, அதற்குப் பெயர்தான் பயிற்சி. மூன்று நிமிடத்தில் இருபது தடவை ஓடி இருபது தடவை திரும்பி வந்தால், அன்று நல்ல பயிற்சி நடந்திருக்கிறது.

கூட்டிக்கொண்டு வர ஓர் இடம் வேண்டும். மூச்சு அப்படி ஓர் இடம். ஆனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு அது மிக மெல்லியது, பிடி கிடைக்காது. வசந்தத்தில் அதைவிட நல்ல பிடி வெளியே இருக்கிறது: ஒரு கிளையின் நுனி. கண்ணுக்குத் தெரியும், தொட்டுப் பார்க்கலாம், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உண்மையிலேயே மாறும். மனம் புதுசுக்கு ஆசைப்படும். புதுசை அதுவே கொண்டு வந்து கொடுக்கும்.

நீங்கள் எப்படியும் தினமும் கடந்து போகிற வழியில் ஒரு மரமோ செடியோ தேர்ந்தெடுங்கள். அதற்கென்று தனியாகப் போக வேண்டிய இடம் வேண்டாம். நான்காம் நாள் போக மாட்டீர்கள். கிளை கண் மட்டத்திலோ நெஞ்சு மட்டத்திலோ இருக்கட்டும். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தால் கழுத்து வலியே கவனத்தைத் தின்றுவிடும். நுனியிலிருந்து ஒரு சாண் நீளம் மட்டும் உங்களுடையது. மறுநாள் அதே கிளையைக் கண்டுபிடிக்க, தளர்வாக ஒரு பருத்தி நூல் சுற்றி வையுங்கள். இறுக்கிக் கட்டினால் கிளை பருக்கும்போது பட்டையில் வெட்டிவிடும்.

முதல் நிமிடம் கிளையைப் பார்க்க வேண்டாம். நின்று, இரண்டு உள்ளங்கால்களும் தரையை அழுத்துவதை உணருங்கள். மூன்று மூச்சை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வெளியே விடுங்கள். இரண்டாம் நிமிடம் நுனியிலிருந்து அடி வரை கண்ணை மெதுவாக இறக்குங்கள், எறும்பு நடக்கிற வேகத்தில். மூன்றாம் நிமிடம் ஒரே ஒரு கேள்வி: நேற்று இல்லாதது இன்று என்ன இருக்கிறது? ‘ஒன்றும் மாறவில்லை’ என்பதும் பதில்தான், ஆனால் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

குளிர் நாட்டு மரமாக இருந்தால் முதலில் தெரிவது மொட்டின் செதில்கள். உள்ளே இருப்பது உப்ப உப்ப, ஓட்டுக்கூரை மாதிரி அடுக்கியிருந்த செதில்கள் நகர்ந்து, இடையில் மயிரிழை அளவுக்கு வெளிர்பச்சைக் கோடு தெரியும். அந்தக் கோடு தெரிகிற நாளைத் தவறவிடாதீர்கள். கொஞ்சம் கீழே, கிளையைச் சுற்றி நெருக்கமாகச் சில வளையங்கள் இருக்கும். போன ஆண்டின் நுனி மொட்டுச் செதில்கள் உதிர்ந்த தழும்பு அது. அங்கிருந்து நுனி வரை உள்ள நீளம் ஒரே ஆண்டின் வளர்ச்சி. வெப்ப நாட்டு மரங்களில் பலவற்றின் தளிர் செம்பு நிறத்தில், துணி காயப்போட்டதுபோலத் தொய்ந்து தொங்கும். பச்சையம் பிறகுதான் சேரும், தண்டும் பிறகுதான் விறைக்கும். இந்த நிறமாற்றம் சில நாட்களில் நடந்து முடிந்துவிடும்.

இதில் பெரும்பாலும் தவறு நடப்பது ஓர் இடத்தில்தான்: முழு மரத்தையும் பார்க்கப் போவது. முழு மரம் ஒரு காட்சி; காட்சியை இரண்டு நொடியில் ‘நன்றாக இருக்கிறது’ என்று மனம் முடித்துக்கொள்ளும். ஒரு சாண் கிளையை அப்படி முடித்துக்கொள்ள முடியாது.

கேள்வி: குறிப்பேடு எழுதச் சொல்கிறார்கள். நான் எழுதினால் இரண்டு பக்கம் கவலைப் புராணமாகிவிடுகிறது. என்ன எழுதுவது?

பதில்: ஒரு வரிக்கு மேல் எழுதாதீர்கள். தேதி, கிளை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, கண் தவிர வேறு ஒரு புலனில் பட்டது ஒன்று. ‘மார்ச் 14. மூன்றாவது மொட்டு முகை. காற்றில் ஈர மண் வாசனை.’ அவ்வளவுதான். ‘அழகு’, ‘அற்புதம்’ போன்ற சொற்களுக்கு அந்த நோட்டில் இடம் கொடுக்காதீர்கள். அவை கிளையைப் பற்றியவை இல்லை, பார்த்தவரைப் பற்றியவை. கவலைப் புராணம் நுழைவதும் அந்தக் கதவு வழியாகத்தான்.

கட்டங்களைச் சொல்லத் தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. பூவுக்கு அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். இலைக்குத் துளிர், தளிர், கொழுந்து, இலை, பழுப்பு, சருகு. இலக்கியத்தில் இவை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகவும் வரும். ஆகவே உங்களுக்கென்று ஓர் எல்லையை வகுத்துக்கொண்டு அதை மாற்றாமல் இருங்கள். உதாரணமாக, இதழின் நிறம் வெளியே தெரியாதவரை மொட்டு. நிறம் தெரிந்து நுனி பிரியத் தொடங்கினால் முகை. உள்ளே மகரந்தத் தாள் தெரிந்தால் மலர். இதழ்கள் பின்னோக்கி மடியத் தொடங்கினால் அலர். உதிர்ந்து கீழே கிடந்தால் வீ. காம்பிலேயே வாடி நிறம் மாறினால் செம்மல். ‘இது முகையா மலரா’ என்று முடிவு செய்ய ஒரு தடவை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். அந்த உற்றுப் பார்த்தலுக்காகத்தான் இந்தப் பெயர்கள்.

எல்லை வகுப்பது வெறும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். ஜப்பான் வானிலை ஆய்வு மையம் செர்ரி பூத்துவிட்டது என்று அறிவிக்க, குறிப்பிட்ட மாதிரி மரம் ஒன்றில் ஐந்தாறு பூக்கள் விரிந்திருக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ராபர்ட் மார்ஷம் என்பவர் 1736-இல் வசந்தத்தின் அறிகுறிகளைத் தேதி போட்டுக் குறிக்கத் தொடங்கினார். அவர் குடும்பத்தினர் 1958 வரை அந்தப் பதிவைத் தொடர்ந்தார்கள். முதல் இலை, முதல் பூ, முதல் பறவைக் குரல், அதன் தேதி. இவ்வளவு சிறிய குறிப்புகளாக இருந்ததால்தான் தலைமுறை தாண்டியும் எழுத முடிந்தது.

கேள்வி: வசந்தம் வந்தாலே எனக்கு மூக்கடைப்பு, கண் அரிப்பு. மூச்சைக் கவனி என்றால் மூச்சே வருவதில்லை. இந்த இரண்டு மாதமும் பயிற்சியை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், பிடியை மாற்றுங்கள். அடைத்த மூக்கில் மூச்சைக் கவனித்தால் கவனம் முழுக்க ‘போதவில்லை, போதவில்லை’ என்ற தவிப்பில் போய் உட்காரும், பதற்றம்தான் கூடும். அதற்குப் பதில் இரண்டு கைகளையும் தொடைமேல் மல்லாக்க வைத்து, உள்ளங்கையின் சூட்டைக் கவனியுங்கள். சூடு, துடிப்பு, காற்று படுவது, விரலிடுக்கின் ஈரம் என்று அங்கே கவனிக்க நிறைய இருக்கிறது. வாயால் மூச்சு விடலாம், அதில் பயிற்சி கெடாது. அடைப்பு இல்லாத நாளிலும் இரண்டு மூக்குத் துளைகளும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை; சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒன்று தளர்ந்து மற்றொன்று அடைக்கும். ‘இரண்டிலும் சமமாக விட முடியவில்லையே’ என்று வந்த கடிதங்களுக்கும் இதே பதில்.

அரிப்பையே பயிற்சியாக்கலாம். கண்ணைக் கசக்கக் கை எழும்போது மூன்று மூச்சு மட்டும் பொறுங்கள். எங்கே தொடங்குகிறது, எவ்வளவு பரவுகிறது, எப்போது உச்சம், எப்போது இறங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அலைபோல ஏறி இறங்கும். இறங்காவிட்டால் குளிர்ந்த ஈரத்துணியைக் கண்மேல் வையுங்கள். கசக்கினால் அரிப்பு கூடும், குறையாது.

மகரந்தம் வறண்ட, காற்று வீசும் நாளில் அதிகம் பறக்கும். நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் குறையும். கிளை பார்க்கிற நேரத்தை அதற்கேற்ப வையுங்கள். பூ விடுகிற மரமே ஒவ்வாமைக்குக் காரணம் என்றால் ஜன்னலுக்கு உள்ளே நின்று பாருங்கள். வெளியே போய் வந்தால் முகம் கழுவி உடை மாற்றுங்கள். ஒவ்வாமை மாத்திரைகளில் பழைய வகைகள் தூக்கத்தைக் கொடுக்கும். பயிற்சியில் தலை தொங்கினால் சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள், தூக்கம் வராத வகை உண்டா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்சில் இறுக்கமோ இழுப்போ இருந்தால் அதைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே மருத்துவம் பார்க்க வேண்டும்.

கேள்வி: பூவைப் பார்த்ததும் கை தானாகப் போனுக்குப் போகிறது. படம் எடுப்பதும் ஒருவகைக் கவனம்தானே?

பதில்: எப்படி எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லிண்டா ஹென்கல் என்ற உளவியல் ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்த பொருட்களை, வெறுமனே பார்த்த பொருட்களைவிடக் குறைவாகவே மக்கள் நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிப் படம் எடுத்தபோது அந்தக் குறை தெரியவில்லை. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டால் கண் வேலை செய்வதில்லை. எந்தப் பகுதியை எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது கண் திரும்பவும் வேலைக்கு வருகிறது.

எனவே முதலில் இரண்டு நிமிடம் வெறும் கண். அதன் பிறகு ஒரே ஒரு படம், நகக்கண் அளவுள்ள ஓர் இடம். எடுத்ததும் திரையில் திருப்பிப் பார்க்காமல் போனைப் பையில் வையுங்கள். யாருக்கும் அனுப்புவதாக இருந்தால் வீட்டுக்கு வந்தபின். அனுப்பிய நொடியிலிருந்து மனம் பதிலுக்காகக் காத்திருக்கும், கிளையிடம் திரும்பாது.

கேள்வி: நான் இருப்பது பதினோராவது மாடி. சுற்றிலும் கட்டடம். கிளைக்கு எங்கே போவேன்?

பதில்: உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. இரண்டும் கிளைக்குச் சளைத்தவை இல்லை.

முதல் வழி வெளிச்சம். காலை வெயில் விழுகிற சுவரோ ஜன்னல் திண்டோ ஒன்றைப் பிடியுங்கள். வாரத்தில் ஒரு நாள், சரியாக ஒரே நேரத்தில், உதாரணமாக ஞாயிறு காலை 8 மணிக்கு, வெயிலுக்கும் நிழலுக்கும் இடையே உள்ள விளிம்பில் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் விளிம்பு அந்தக் கோட்டில் இருக்காது. இரவும் பகலும் சமமாகிற நாட்களை ஒட்டித்தான் சூரியனின் பாதை மிக வேகமாக நகரும், வாரத்துக்குக் கிட்டத்தட்ட 2.8 பாகை. வட கோளத்தில் அது மார்ச் 20-ஐ ஒட்டி, தென் கோளத்தின் வசந்தத்தில் செப்டம்பர் 22, 23-ஐ ஒட்டி. 50 பாகை அட்சரேகைப் பக்கம் இருப்பவர்களுக்கு அப்போது பகல் நாளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம் நீளும். பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பவர்களுக்குப் பகல் நீளம் கிட்டத்தட்ட மாறாது. சுவரில் விளிம்பு நகர்வது மட்டும் அவர்களுக்கும் தெரியும். வசந்தத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிற நாட்டில் இருந்தால், அன்றிலிருந்து 8 மணிக்குப் பதில் 9 மணிக்குக் கோடு போட வேண்டும். இதை மறந்துவிட்டால் கோடுகள் தாறுமாறாகும். கோடு போடும் நாள் வாரத்தில் ஒன்று. மற்ற நாட்களில் அதே நேரத்தில் ஒரு நிமிடம் நின்று அந்த விளிம்பைப் பார்த்தால் போதும். கூர்ந்து பார்த்தால் அது கண்ணெதிரே ஊர்வது தெரியும். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கக் கூடாது.

இரண்டாவது வழி ஒரு பீன்ஸ் விதை. உலர்ந்த விதைகள் மூன்றை 6 முதல் 8 மணி நேரம் தண்ணீரில் ஊறவைக்கவும். ஒரு நாளுக்கு மேல் ஊறினால் விதைக்கு மூச்சுத் திணறி அழுகும். அடியில் துளை உள்ள, 10–12 செ.மீ. வாயுள்ள தொட்டியில், 2–3 செ.மீ. ஆழத்தில் புதைக்கவும். மண் 20 முதல் 25 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருந்தால் ஆறிலிருந்து பத்து நாளில் முளை தெரியும்; 15-க்குக் கீழே போனால் முளைக்காமலே விதை கெட வாய்ப்பு அதிகம். தண்ணீர் ஊற்றும் முன் விரலை முதல் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். பீன்ஸ் செடி சாவது பெரும்பாலும் அன்பால்தான்: தினமும் ஊற்றி, பூஞ்சை வந்து, தண்டு மண் மட்டத்தில் கறுத்து மடிந்துவிடும்.

முளை வருவதை விடாமல் பாருங்கள். நுனி நிமிர்ந்து வராது. முதலில் மண் ஒரு நாணய அகலத்துக்கு மேடிட்டு, நடுவே விரிசல் விடும். விரிசலில் வளைந்த முதுகு ஒன்று தெரியும், குடையின் கைப்பிடி மாதிரி. தண்டு வளைந்து, முதுகால் மண்ணைத் தள்ளி, தலையைப் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டு வருகிறது. மண் உரசினால் முதுகுக்குத்தான் உரசும், உள்ளே மடிந்திருக்கும் இளம் நுனிக்கு அடி படாது. வெளிச்சம் பட்டபின் வளைவு நிமிரும், பருப்பு இரண்டாகப் பிரியும், நடுவில் கசங்கிய துணிபோல முதல் இலைகள். இந்தக் கட்டத்தில் காலையும் மாலையும் பார்த்தால் மாற்றம் தெரியும். பிறகு செடி ஜன்னல் பக்கம் சாயும். நிழல் பக்கத்து செல்கள் அதிகம் நீள்வதால் வருகிற சாய்வு அது. தினமும் தொட்டியைக் கால் சுற்று திருப்பி வைத்துவிட்டு, மறுநாள் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். பதினோராவது மாடியில் இதற்கு மேல் என்ன வசந்தம் வேண்டும்?

கேள்வி: தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்? எத்தனை நாளில் பழக்கமாகும்? 21 நாள் என்கிறார்களே?

பதில்: 21 என்ற கணக்கை நம்ப வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு சிறு பழக்கம் யோசிக்காமல் வருகிற நிலையை எட்ட நடுவாக 66 நாள் ஆகிறது என்று கணக்கிட்டார்கள். ஆளைப் பொறுத்தும் செயலைப் பொறுத்தும் 18-லிருந்து 254 வரை. கூடவே இன்னொன்றையும் கவனித்தார்கள்: ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பு இல்லை. ஒரு நாள் விட்டதற்காகப் பத்து நாள் விடுவதுதான் பழக்கத்தைக் கொல்லும்.

நேரம்? ஜான் கபாட்-ஜின் 1979-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் தொடங்கிய எட்டு வாரத் தியானப் பயிற்சியில் வீட்டில் தினமும் முக்கால் மணி நேரம் வரை கேட்பார்கள். நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு ஆசிரியர் துணையோடு நடந்த பயிற்சி அது. நீங்கள் மூன்று நிமிடத்தில் தொடங்குங்கள். ஏற்கெனவே தவறாமல் செய்கிற ஒரு வேலையின் வாலில் கட்டிவிடுங்கள்: பல் துலக்கியதும், வெளிக்கதவைப் பூட்டியதும், வண்டியை நிறுத்தியதும். ‘காலையில்’ என்பது நேரம் இல்லை. ‘கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டதும்’ என்பதுதான் நேரம்.

கேள்வி: நடந்துகொண்டே கவனிப்பது எப்படி? நான் முயன்றபோது தள்ளாடியதுதான் மிச்சம்.

பதில்: மிக மெதுவாக நடந்திருப்பீர்கள். ஒரு காலில் நிற்கிற நேரம் கூடினால் யாராக இருந்தாலும் உடல் ஆடும். வழக்கமான வேகத்தில் பாதி போதும். பத்துப் பன்னிரண்டு அடி நீளமுள்ள சமதளம், போய்த் திரும்பி வரலாம். கண் கால்மேல் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால் தரையில் இருக்கட்டும். குதிகால் படுவது, பாதத்தின் வெளி ஓரம் படுவது, பெருவிரல் உந்துவது: இந்த மூன்றையும் உள்ளிருந்து உணருங்கள். மனம் அடிக்கடி ஓடினால் மூச்சைக் காலடியோடு இணையுங்கள். நான்கு காலடிக்கு மூச்சு உள்ளே, ஆறு காலடிக்கு வெளியே. மூச்சு விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்று மட்டுப்படும். நீளமாக விடுவதில் அமைதி வருவது அதனால்தான். தலை சுற்றினால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

புல்லில் வெறுங்காலோடு நடக்கலாம், வெட்டிய குட்டைப் புல்லாக இருந்தால். உண்ணி உள்ள பகுதிகளில் உயர்ந்த புல்லுக்குள் இறங்காதீர்கள். வந்ததும் கணுக்காலையும் முழங்காலின் பின்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் பறவைச் சத்தத்தில் தூக்கம் கலைகிறது. எரிச்சலாக வருகிறது.

பதில்: வசந்தத்தில் பகல் நீள்வது பறவைகளின் உடலில் சுரப்புகளை மாற்றுகிறது. ஆண் பறவைகள் இணைக்காகவும் எல்லைக்காகவும் பாடுகின்றன. சூரியன் எழுவதற்கு அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். எழுந்துதான் விட்டீர்கள் என்றால் படுத்தபடியே ஐந்து நிமிடம் கேளுங்கள். மிக அருகில் இருக்கும் குரலைப் பிடியுங்கள். அதை விடாமல் அதற்குப் பின்னால் உள்ள குரல். பிறகு எல்லாவற்றுக்கும் பின்னால், கேட்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற அளவில் உள்ள குரல். எந்தப் பறவை என்று தேடப் போனை எடுத்தால் அன்றைய தூக்கமும் போச்சு, பயிற்சியும் போச்சு. தூக்கம் தொடர்ந்து குறைந்தால் மட்டும் ஜன்னலை மூடிப் படுங்கள். தூக்கத்தைப் பலி கொடுத்து எந்தப் பயிற்சியும் வேண்டாம்.

கேள்வி: மழை பெய்ததும் வரும் மண் வாசனை ஏன் உடனே மறைந்துவிடுகிறது? அதில் மனதை நிறுத்த முடியவில்லை.

பதில்: வாசனை அங்கேதான் இருக்கிறது, மூக்கு பழகிவிடுகிறது. ஒரே மணத்தைத் தொடர்ந்து முகர்ந்தால் சிறிது நேரத்தில் அது தெரியாமல் போகும். எனவே நீளமாக உறிஞ்ச வேண்டாம். இரண்டு மூன்று குட்டி முகர்வு, பிறகு ஒரு நிமிடம் வேறு பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள், மறுபடி இரண்டு. இந்த மணத்துக்குப் பெட்ரிகோர் என்ற பெயரை 1964-இல் இசபெல் ஜாய் பியர், ரிச்சர்ட் தாமஸ் என்ற ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வைத்தார்கள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளுக்கு அதில் பெரிய பங்கு. லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே நம் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆகவே மூக்கின் மேல் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: ஆறு வயது மகளோடு சேர்ந்து செய்ய ஏதாவது?

பதில்: ‘அமைதியாக உட்கார்’ என்று தொடங்காதீர்கள். விரல் விளையாட்டு விளையாடுங்கள்: கையை மூடிக்கொண்டு, ஒரு சத்தம் கேட்டால் ஒரு விரலை விரிக்க வேண்டும், ஐந்தும் விரிந்ததும் ஒவ்வொன்றும் என்ன சத்தம் என்று சொல்ல வேண்டும். அடுத்து ஐந்து மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று. குழந்தைகள் அதைப் பொருளுக்கு அருகே பிடித்துத் தூரத்தில் நின்று பார்ப்பார்கள். கண்ணருகே பிடித்து, உதிர்ந்த பூவைக் கண்ணாடியை நோக்கிக் கொண்டுவரச் சொல்லிக்கொடுங்கள். வெயிலில் கண்ணாடியைத் தனியாகக் கொடுத்துவிட்டுப் போகக் கூடாது. அவள் பார்த்ததை நீங்கள் விளக்க வேண்டாம். ‘இன்னும் என்ன தெரிகிறது?’ என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எல்லோரும் வசந்தத்தில் உற்சாகம் என்கிறார்கள். எனக்கு இந்தப் பருவத்தில்தான் மனம் கனக்கிறது. பூவைப் பார்த்தால் அழுகை வருகிறது. கண்ணை மூடினால் இன்னும் மோசம்.

பதில்: இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. உலகம் கலகலப்பாகும்போது உள்ளே இருக்கும் இருட்டு கூடுதலாகத் தெரிவது பலருக்கும் உண்டு. உற்சாகம் வரவில்லையே என்று உங்களை நீங்களே விரட்டாதீர்கள்.

கண்ணை மூடுகிற பயிற்சி எதுவும் இப்போது வேண்டாம். உள்ளே பார்க்கச் சொல்வது எல்லோருக்கும் எல்லா நேரத்திலும் நல்லதில்லை. கனமான நினைவுகள் இருப்பவர்களை அது அவற்றுக்குள்ளேயே இழுத்துவிடும். கண்ணைத் திறந்து வைத்து, வெளியே உள்ள பொருளைப் பிடியுங்கள். ஒரு கூழாங்கல்லைக் கையில் வைத்து அதன் எடை, குளிர்ச்சி, சொரசொரப்பு என்று பாருங்கள். ஒரு நிமிடம் போதும். கனம் கூடினால் நிறுத்திவிட்டு எழுந்து நடங்கள். நிறுத்துவது தோல்வி இல்லை. காலையில் வெளியே பத்துப் பதினைந்து நிமிடம் வெளிச்சத்தில் இருங்கள். மேகமூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்கும்; விளக்குப் போட்ட அறையில் அது பெரும்பாலும் 500-க்குள். உடலின் நேரக் கடிகாரம் காலை வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்ளும்.

இரண்டு வாரத்துக்கு மேல் கனம் நீடித்தாலோ, வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் ஒரு தடவை தலை காட்டினாலோ, பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்; நம்பிக்கையான ஒருவரிடம் அன்றே சொல்லுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: பல நாள் மிகக் குறைவாகத் தூங்கியும் களைப்பே இல்லாமல், எண்ணங்கள் பறந்துகொண்டிருந்தால் அதையும் வசந்தத்தின் உற்சாகம் என்று விட்டுவிடக் கூடாது. அதற்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மூன்று வாரமாக ஒரு கிளையைப் பார்த்து வருகிறேன். இனி பத்து நாள் வெளியூர். திரும்பி வரும்போது பூவெல்லாம் முடிந்திருக்கும். புதிய கிளை எடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம், அதே கிளைக்கே திரும்புங்கள். போகிற அன்று கடைசி வரியை எழுதுங்கள். வெளியூரில் எந்தக் கிளையையும் தத்தெடுக்க வேண்டாம். கதவைப் பூட்டியதும் மூன்று மூச்சு, அது மட்டும் தொடரட்டும். திரும்பி வந்ததும் கிளையிடம் போகும் முன், நின்ற இடத்திலேயே, இப்போது அது எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மலர், எத்தனை செம்மல், காய் பிடித்திருக்குமா, நூல் இறுகியிருக்குமா. பிறகு போய்ப் பார்த்து, உள்ளதை அடுத்த வரியில் எழுதுங்கள். நூல் இறுகியிருந்தால் அவிழ்த்து, தளர்வாகச் சுற்றிவிடுங்கள்.